கறுப்பின விருந்தாளிக்குப் பின்கட்டு அறை: எங்கள் வீட்டில் யார் சொல்வது சரி?

கேள்வி:

காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீட்டின் ஒரு பகுதியைச் சில வருடங்களாக விருந்தினர் விடுதியாக நடத்திவருகிறோம். போன மார்கழியில் ஒரே நாளில் இரண்டு ஜோடிகள் வந்தார்கள். ஒன்று ஜெர்மன்காரர்கள். இன்னொன்று அமெரிக்காவில் அட்லாண்டாவிலிருந்து வந்த கறுப்பினக் கணவன் மனைவி, இருவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். நான் அன்று பகலில் மதுரையில் இருந்தேன். எங்கள் மேனேஜர் ஜெர்மன்காரர்களை முகப்பில் உட்காரவைத்து, நன்னாரி சர்பத் கொடுத்து, வளவை (உள்முற்றத்தை) பார்த்த அறையைக் கொடுத்திருக்கிறார். அமெரிக்கத் தம்பதியிடம் மட்டும் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கி, பாஸ்போர்ட்டை இரண்டு முறை சரிபார்த்து, பின்கட்டு அறைக்கு அனுப்பியிருக்கிறார். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீடு ரொம்ப அழகு. உங்கள் ஆட்கள் ஏன் எங்களைப் பார்த்துப் பயந்தார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னேன், ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். சிகாகோவில் இருக்கும் கொழுந்தனார், "இது அப்பட்டமான நிறவெறி, மேனேஜரை இன்றே அனுப்பு" என்கிறார். என் மாமனார், "நிறவெறி வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு அது கிடையாது. பர்மாவில் நம்மை அடித்துத் துரத்தினார்கள், உழைத்து மேலே வரவில்லையா? அவர்களும் உழைக்கட்டும்" என்கிறார். அவருடைய அப்பச்சி (அப்பா) பர்மாவில் பெகு என்ற ஊரில் கடை வைத்திருந்து 1942-ல் நடந்தே ஊர் வந்தவர். சென்னையில் படிக்கும் என் மகள், "நம்ம ஊர் சாதியை விட்டுவிட்டு அமெரிக்காவைப் பற்றிப் பேச வேண்டாம்" என்கிறாள். என் கணவர், "விஷயத்தைப் பெரிதாக்காதே, தொழில் கெட்டுவிடும்" என்கிறார். ஆவணியில் மாமனாரின் சதாபிஷேகம், எல்லோரும் ஊரில் கூடுவார்கள். அதற்குள் என்ன செய்வது? யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள ஆச்சி,

கடிதத்தோடு பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்ல காரியம். குரூப்பில் நடந்த சண்டையைவிட அந்த இரண்டு வரிகள்தான் எனக்கு அதிகம் சொல்லின. மேல் வரியில் ஜெர்மன்காரர்கள்: வந்த நேரம் 11.40, அறை 2, பணம் என்ற கட்டத்தில் 'கிளம்பும்போது'. கீழ் வரியில் அட்லாண்டா தம்பதி: வந்த நேரம் 12.15, அறை 7, பணம் 'முழுசும் வாங்கியாச்சு', ஓரத்தில் பென்சிலில் 'பாஸ்போர்ட் ரெண்டு தடவை பார்த்தது'. மூன்றாம் அறை அன்று ராத்திரி காலியாகத்தான் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் அறையோ சமையற்கட்டுக்கு அடுத்து, ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறை. இரண்டு ஜோடியும் ஒரே இணையதளத்தில், ஒரே வாடகைக்குப் பதிவு செய்தவர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இது நிறவெறிதான். மேனேஜர் கெட்ட மனிதர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் மனதில் வெறுப்பு இருந்ததா என்ற ஆராய்ச்சியில் உங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மாமனார் அவர் மனதைப் பார்த்து 'இல்லை' என்கிறார், கொழுந்தனார் அதே மனதைப் பார்த்து 'இருக்கிறது' என்கிறார். மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது, பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். ஒரே வாடகை கொடுத்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான வரவேற்பு கிடைத்திருக்கிறது, இடையில் தோலின் நிறத்தைத் தவிர வேறு காரணம் எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. அந்த அம்மாவுக்கு நடந்தது அவ்வளவுதான், அதுவே போதும்.

மனதில் இருப்பதும் கை செய்வதும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைப்பது எங்கள் உளவியல் துறையில் ரொம்பப் பழைய தப்பு. 1930-களின் தொடக்கத்தில் லாபியர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு நாடு முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடுமையான வெறுப்பு இருந்த காலம் அது. 251 விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை வரவேற்பீர்களா என்று கேட்டால், பதில் எழுதியவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். எதிரில் வந்து நின்றபோது மரியாதை, காகிதத்தில் கேட்டபோது வெறுப்பு. உங்கள் வீட்டில் தலைகீழாக நடந்திருக்கிறது. வாயால் கேட்டால் உங்கள் மேனேஜர் எல்லோரும் ஒன்றுதான் என்பார், அதைப் பொய்யாகச் சொல்லவும் மாட்டார். ஆனால் அன்று வாசலில் அந்தக் கார் வந்து நின்று கதவு திறந்தபோது, அவர் யோசிப்பதற்கு முன்னாலேயே கை ஏழாம் அறைச் சாவியை எடுத்துவிட்டது.

விடுதித் தொழிலில் இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் கிடையாது. வீட்டு அறையை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். 5 அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு ஒரே மாதிரி விண்ணப்பம், பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயர் என்று தெரிந்தால் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. அந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் தங்களை நிறவெறியர்கள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், உங்கள் மாமனார் ஒப்புக்கொள்ளாத மாதிரியே. அந்த நிறுவனமும் யார் மனதையும் மாற்றும் வரை காத்திருக்கவில்லை. 2018-லிருந்து, பதிவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விருந்தாளியின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும்படி மாற்றியது. முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தையே அடைத்துவிடுவது, உங்களுக்கு நான் சொல்லப்போகும் வழியும் ஏறக்குறைய இதுதான்.

அதற்கு முன் அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்றால் இருவருக்கும் 60-க்கு மேல் இருக்கும். அவர்களுடைய அப்பா அம்மா காலத்தில் அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் எந்த விடுதியிலும் போய்த் தங்கிவிட முடியாது. நியூயார்க் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-லிருந்து, எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்காகவே ஒரு கையேடு வெளியிட்டுவந்தார், 1960-களின் பாதி வரை அதற்குத் தேவை இருந்தது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும், அட்லாண்டாவில் 216 அறை கொண்ட ஒரு மோட்டலின் முதலாளி, யாருக்கு அறை கொடுப்பது என்பது என் இஷ்டம் என்று வழக்குப் போட்டார். அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் வாதத்தைத் தள்ளியது. அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண் விடுதி மேசை முன்னால் நிற்கும்போது, பாஸ்போர்ட்டை இரண்டாவது முறை நீட்டச் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் மேனேஜர் ஜாக்கிரதையாக இருந்தார் என்று உங்கள் வீட்டில் சொல்வது, அந்த அம்மாவுக்கு எத்தனையோ தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சமாதானம்.

சரி, மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் நிதானமாகப் போக வேண்டும். அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை மறுத்தால் அவர் அடுத்த வார்த்தையைக் கேட்க மாட்டார்.

பர்மாவில் நம் ஊர்க்காரர்கள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. 1930 மே மாதம் ரங்கூனிலும், 1938-லும் இந்தியர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவுக்குத் தப்பி வந்தார்கள், காட்டு வழியில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். கப்பலிலும் விமானத்திலும் வெள்ளைத் தோலுக்குத்தான் முதலிடம் என்ற புகார் அப்போதே தில்லியில் இருந்த மத்திய சட்டசபை வரை போனது. அந்த வழியில் நடந்து வந்த மனிதரின் மகன் உங்கள் மாமனார். அவருக்கு நிறவெறி தெரியாது என்று உங்கள் கொழுந்தனார் எழுதியது அநியாயம்.

ஆனால் பர்மாக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. 1930-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அங்கே போட்டிருந்த முதலீடு ஏறக்குறைய 75 கோடி ரூபாய். அந்தப் பணம்தான் ஐராவதி டெல்டாவைக் கழனியாக்கியது, அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் உலக மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மா விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை அவர்கள், கொடுத்த பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். பெகு கடையில் இருந்த யாருக்கும் பர்மாக்காரன் மேல் வெறுப்பு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட சட்டமும் கோர்ட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, அந்தப் பக்கத்தில் நாம் இருந்தோம். நிலத்தை இழந்தவனுக்கு எதிரே தெரிந்தது நம் முகம். அதற்காக அவன் துறைமுகத்துக் கூலித் தமிழனையும் தெலுங்கனையும் வெட்டியதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு ஏற்பாடு ஒரு சனத்தை நசுக்கிவிடும் என்பதற்கு உங்கள் வீட்டுப் பேரேடுகளைவிட நல்ல சாட்சி வேறு எங்கே இருக்கிறது?

அடுத்தது, 'உழைத்து மேலே வந்தோம்'. வந்தார்கள்தான். நடந்து வந்தவர் எங்கே வந்து சேர்ந்தார்? இந்த வீட்டுக்கு. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டு ஏற்கெனவே கட்டி நின்ற வீடு, நகை, ஊர் நிலம், பேர் சொன்னால் கடன் கொடுக்கும் பங்காளிகள், பிள்ளையைப் படிக்க வைக்க அம்மான் வீடு. அதே பர்மாவிலிருந்து 1960-களில் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறி வந்தவர்களும் இருக்கிறார்கள், காரைக்குடியில் பர்மா காலனிப் பக்கம் போனால் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்கள் குறைவாகவா உழைத்தார்கள்?

உங்கள் மாமனாரிடம் அமெரிக்காவைப் பற்றிப் பேசுவதானால் அவர் தொழிலின் பாஷையில் பேசுங்கள், ஒழுக்கத்தின் பாஷை வேண்டாம். கடன் கிடைக்காத இடத்தில் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்று வட்டிக்கடைக் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தபோது, விடுதலையானவர்களுக்குக் கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்க ஒரு ராணுவ உத்தரவு போட்டார்கள், அந்த வருடமே அதைத் திரும்பப் பிடுங்கியும் விட்டார்கள். 1930-களில் அரசாங்கமே வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வசித்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தார்கள். சம்பாதிக்கிறவன், நேரத்துக்குக் கட்டக்கூடியவன், ஆனால் தெரு சிவப்பு, கடன் கிடையாது. 1968-ல்தான் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுத்துச் சட்டம் வந்தது. அதற்குள் ஒரு முழுத் தலைமுறை வெள்ளையர்கள் வீடு வாங்கி, அதன் விலை ஏறி, அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்குப்படி சொத்து வரிசையில் சரிநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அதே மாதிரி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். முதல் இல்லாமல் ஆரம்பித்து, கடன் வாசலையும் மூடி வைத்து, மூன்று தலைமுறை கழித்து லாபம் எங்கே என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டால் உங்கள் மாமனார் என்ன சொல்வார்? அவரிடமே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தால் நல்லது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், குடியுரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. 1946-ல் கதவு கொஞ்சம் திறந்தபோதும் வருடத்துக்கு 100 இந்தியர்தான். அந்த ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் 1965-ல் வந்தது, சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த வருடம், அதே போராட்டத்தின் சூட்டில். அட்லாண்டா அம்மாவின் அப்பா அம்மா தலைமுறை தெருவில் இறங்கி அடிபட்டுத் திறந்த வாசல் வழியாகத்தான் உங்கள் கொழுந்தனார் சிகாகோ போய்ச் சேர்ந்தார்.

கொழுந்தனாரைப் பற்றி எழுதும்போது எனக்குச் சங்கடம்தான், ஏனென்றால் விஷயத்தில் அவர் பக்கம் இருக்கிறேன், பேசிய விதத்தில் இல்லை. பெற்ற அப்பச்சியை 40 பேர் இருக்கும் குரூப்பில் 'நீங்களும் ஒரு நிறவெறியர்' என்று எழுதினால் அவர் திருந்துவாரா? பிடிவாதம்தான் கூடும். மேனேஜரை இன்றே அனுப்பு என்பது அதைவிட மோசம். பதினைந்து வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிற மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை விருந்தாளி வந்தால் மாலை, சர்பத், முகப்பு என்று அவருக்கு யார் பழக்கியது? உங்கள் விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தேன், ஒரு படத்தில்கூட வெள்ளையர் அல்லாத விருந்தாளி இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் சரி, கலர்தான் கொஞ்சம் கம்மி என்று வளவில் உட்கார்ந்து பேசுவதை அந்த மனிதர் எத்தனை தடவை கேட்டிருப்பார்? என்னிடம் வரும் பெண்களில், நிறம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சம்பந்தம் தட்டிப்போய், தன் முகத்தையே வெறுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். அந்தப் பாடத்தை இவர் படித்தது உங்கள் வீட்டில், என் வீட்டில், இந்த ஊரில். அவரை அனுப்பிவிட்டால் வீடு சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம், அடுத்து வருகிறவரும் அதே சாவியைத்தான் எடுப்பார்.

2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது கொழுந்தனார் தன் மகனை நினைத்துச் சந்தோஷப்பட்டார், இப்போது மட்டும் நியாயம் பேசுகிறார் என்று உங்கள் கணவர் குத்திக்காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு பெரிய முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதை எப்படிச் சரிசெய்வது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் ஆதாரம் இருக்கிறது, இரண்டாவதில் நேர்மையான ஆட்களே எதிரெதிராக நிற்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்க வேண்டும் என்கிறவர்களும், குடும்ப வருமானத்தைப் பார்த்தால் போதும் என்கிறவர்களும், சட்டத்தின் கண்ணுக்கு நிறமே தெரியக் கூடாது என்கிறவர்களும் கறுப்பினத்தவரிடையேயும் உண்டு, நம்மவரிடையேயும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், மூன்று தலைமுறையாக நிறம் பார்த்துக் கெடுத்ததை நிறமே பார்க்காமல் சரிசெய்ய முடியாது. ஆனால் இதில் உங்கள் கொழுந்தனார் வேறு பக்கம் நின்றால் அவரைக் கபடர் என்று சொல்ல மாட்டேன். நம் இடஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சு வரும்போதும் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அது அவருக்கே யோசிக்க வேண்டிய கேள்வி.

இப்போது உங்கள் மகள். வீட்டில் எல்லோரும் அவளை ஒதுக்கிவிட்டார்கள், பேச்சைத் திசைதிருப்புகிறாள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறவெறி நமக்குக் கிடையாது என்று மாமனார் சொல்ல முடிவதே, நம்முடையதற்கு வேறு பெயர் இருப்பதால்தான். 2001-ல் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது சாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன, நம் அரசாங்கம் அது எங்கள் உள்விவகாரம், இனம் வேறு சாதி வேறு என்றது. இரண்டும் ஒன்றேதான் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நம் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில்தான் வைத்திருக்கிறது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர் வடத்தை யார் தொடலாம் என்று எத்தனை வருடம் கோர்ட்டும் போலீஸும் அலைந்தன, எத்தனை வருடம் தேர் ஓடாமலே கிடந்தது, கடைசியில் 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் தில்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவைத் தலைமுடியைக் கிண்டல் செய்து, தட்டிக்கேட்டதற்கு அடித்தார்கள், செத்துப்போனார். 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை ஒரு கூட்டம் மாலுக்குள் வைத்து அடித்தது. வெள்ளைக்காரன் வியாதி என்றால் இதெல்லாம் யார் செய்தது?

அதனால் மகள் சொல்வதைப் பதிவேட்டு மேசைக்கே கொண்டுவாருங்கள். உள்ளூர் விருந்தாளிகள், மதுரை, திருச்சிக்காரர்கள் வரும்போது உங்கள் மேனேஜர், "எந்த ஊரு? யாரு வீடு?" என்று கேட்கிறாரா? நம் பக்கத்தில் அது சாதாரண விசாரிப்பு மாதிரி இருக்கும், ஆனால் மூன்றாவது கேள்வியில் எதிராளியின் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்குத் தக்கபடியும் அறை மாறுகிறதா? விருந்தாளிகளைக் கூட்டிவரும் டிரைவர்கள் எங்கே படுக்கிறார்கள், எந்தத் தம்ளரில் காபி வாங்குகிறார்கள்? அறை கூட்டும் பெண் வளவு வழியாக நடந்து போகலாமா, பக்கவாசலா? அட்லாண்டா தம்பதியிடம் மன்னிப்புக் கேட்பது எளிது, அவர்கள் போய்விட்டார்கள். இவர்கள் நாளைக் காலையிலும் வருவார்கள். மகள் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசை போட வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள், இரண்டுக்கும் மேசை ஒன்றுதான்.

என்ன செய்யலாம்? விதி எல்லோருக்கும் ஒன்றாகட்டும், அதை எழுதி மேசையில் வையுங்கள். முன்பணம் பாதி, பதிவு செய்யும்போதே, யாராக இருந்தாலும். அறை எண்ணைப் பதிவு செய்த அன்றே ஒதுக்கிவிடுங்கள், ஆள் வந்து இறங்கிய பிறகு மாற்றுவதானால் உங்களிடமோ உங்கள் கணவரிடமோ போனில் கேட்டு, காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளிநாட்டவர் எல்லோரைப் பற்றியும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குப் படிவம் அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம், அதற்கு பாஸ்போர்ட்டை ஒரு தடவை வாங்கி நகல் எடுத்தால் போதும். சர்பத் எல்லோருக்கும், முகப்பில், டிரைவருக்கும். ஏழாம் அறையை இனிமேல் வாடகைக்கு விடுவதானால் அதற்குக் குறைந்த வாடகை போட்டு, அது பின்கட்டு அறை என்று தளத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகளை உட்காரவைத்துப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தொழில் கெட்டுவிடும் என்று பயப்படும் உங்கள் கணவருக்கும் இதுதான் பதில். ஒரு விருந்தாளி இதை இணையத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசிக்கட்டும். அவர்கள் எழுதாமல் போனது பெருந்தன்மை.

மேனேஜரிடம் நீங்களும் கணவரும் சேர்ந்து, தனியாக, முகப்பில் இல்லாமல் உள்ளே உட்காரவைத்துப் பேசுங்கள். ஏன் செய்தாய் என்று ஆரம்பித்தால் காரணம் தயாரித்துச் சொல்வார். பதிவேட்டை எதிரில் வைத்து, அன்று என்ன பயம் வந்தது என்று கேளுங்கள், அந்த அம்மா கேட்டதும் அந்தப் பயத்தைப் பற்றித்தானே. பணம் கொடுக்காமல் போய்விடுவார்கள் என்றா, சினிமாவில் டி.வி.யில் பார்த்ததா, ஊரில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றா? சொல்லட்டும், குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு, அந்தப் பழக்கம் எங்களிடமிருந்தும் வந்தது, இனிமேல் இந்த வீட்டில் இப்படி நடக்காது, நடந்தால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டையும் சொல்ல வேண்டும்.

சதாபிஷேகத்தில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். 80 வயதில் பேரன் பேத்திகள் கூடி நிற்கும் நாளில் ஒரு மனிதரை வழக்குக்கு இழுப்பது முறையில்லை, இழுத்தாலும் பலன் கிடையாது. கொழுந்தனாரிடம் இப்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம், மாமனாரைப் பெகுக் கடையைப் பற்றிப் பேசவிடுங்கள். நடந்து வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின கதை, யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், அவர்கள் நிலம் என்ன ஆயிற்று என்று அப்பச்சி வாயால் கேட்டது அவருக்கு நினைவிருக்கும். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அமெரிக்காவின் பெயரையே எடுக்காமல் பாதிச் சண்டை அங்கே தீரலாம். தீராமலும் போகலாம், அவர் தன் கருத்தோடே இருக்கட்டும், மேசையில் விதி மாறினால் போதும்.

அட்லாண்டாவுக்குக் கடிதம் இந்த வாரமே போகட்டும், இதற்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை. நீளமாக எழுதாதீர்கள். நடந்தது என்ன என்று மூன்று வரி: பணம், பாஸ்போர்ட், அறை. அது உங்கள் நிறத்தினால் நடந்தது, அது தவறு, பொறுப்பு எங்களுடையது. 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்று எழுதவே கூடாது, புண்பட்டதா என்று அவரே கேட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் நல்லவர்கள் என்றும் எழுத வேண்டாம், பர்மாவும் வேண்டாம், இலவசமாக வந்து தங்குங்கள் என்ற அழைப்பும் வேண்டாம், பணத்தால் சரிக்கட்டுகிற மாதிரி ஆகிவிடும். இனிமேல் என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், மாற்றிய பிறகு சொல்லுங்கள். அதனால் முன்பண விதியையும் அறை ஒதுக்கீட்டையும் இன்று நாளைக்குள் எழுதி மேசையில் வைத்துவிட்டு, நீங்களும் கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திரும்ப எழுதித் தொந்தரவு செய்ய வேண்டாம்.